முன்னுக்குப் போங்கோ

கெய்சர் வீதிப் புடைவைக் கடையின் மேல்மாடியில்
மூன்று மேசை, மூன்று பிடிவாதம்.

ஹாஜியாரின் மகன் மலேசியாவில் படித்து
கடித்த அப்பிளோடு வந்து இறங்கியவன்.
வேறெதைத் தொட்டாலும் விரல் நோகுமாம்.
கணக்குப்பிள்ளை குணநாயகத்துக்கு யன்னல்தான்:
"இருபத்திரண்டு வருசம் அதுக்குள்ளாலதான் பிள்ளை பாத்தனான்.
இடப்பக்க மூலையில தொடங்கு எண்டு இருக்கோணும்."
எனக்குப் பென்குயின்.
காசில்லை, களவில்லை, உள்ளே திறந்து பார்க்கலாம் என்றேன்.
"திறந்து பாத்து?" என்றார் ஹாஜியார்.
பதில் வைத்திருந்தேன். கேட்க அவர் நிற்கவில்லை.
கீழே வவுனியா லொறி வந்துவிட்டது.

எதுவானாலும் முதலில் பழைய கடன்பதிவைப் பெயர்க்க வேண்டும்.
நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் வரி, எல்லாம் பாமினியில்.
எழுத்துருவைக் கழற்றினால் தமிழும் கழன்றுவிடும்;
பெயர்கள் ஆங்கில எழுத்துகளாய் முண்டியடித்து நிற்கும்.
மெய்யின் தலையில் புள்ளி இருந்த இடமெல்லாம்
ஓர் அரைப்புள்ளி.
என் நிரலில் ஒவ்வொரு கட்டளையையும் முடித்துவைக்கும்
அதே அரைப்புள்ளி.

மாற்றும் நிரலை ஒரு பின்னேரத்தில் எழுதிவிட்டேன்.
பட்டைதான் ஒரு கிழமை எடுத்தது.

முடிந்ததை மொத்தத்தால் பிரி, நூறால் பெருக்கு.
ஐந்தாம் வகுப்புக் கணக்கு.
முதல் நாள் முழு எண்ணை முழு எண்ணால் பிரித்துவிட்டு
பூச்சியத்தைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன்,
பூச்சியம், பூச்சியம், பூச்சியம்,
பிறகு சடாரென்று நூறு.
அடுத்த நாள் ஒழுங்காய் ஓடியது. தொண்ணூற்றேழில் நின்றது.
கோப்புகளை எண்ணியிருந்தேன், கனத்தை எண்ணவில்லை.
கடைசிக் கோப்பு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது;
அதன் பெயர் 'பிறகு தாறவை'.

நின்றதைக் கண்ட குணநாயகம் வயரைப் பிடுங்கிவிட்டார்.
"அசையாட்டி செத்துப்போச்செண்டுதானே நினைப்பம்?"
மகன் சிரித்தான். "சும்மா ஓட உடுங்க தாத்தா.
எல்லாரும் அப்பிடித்தான் செய்யிற.
பட்டை வேற, வேலை வேற."
தாத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா.
அதற்குக்கூட எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது.

நூற்றோராம் இலக்க பஸ், காலி முகத்திடல், மழை.
அரை மணித்தியாலமாய் ஒரே சிவப்பு விளக்கு.
கொண்டக்டர் மட்டும் ஓயவில்லை:
"இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட, முன்னுக்குப் போங்கோ."
போனோம்.
ஈரக் குடைகளோடு, ஒருவர் முதுகில் ஒருவராய்,
அங்குலம் அங்குலமாய் முன்னுக்குப் போனோம்.
பஸ் போகவில்லை.

வெள்ளவத்தை அறைக்கு வந்து சதவீதத்தை அழித்தேன்.
அந்த இடத்தில், அந்தக் கணம் மாறுகிற பெயரைக் காட்டச் சொன்னேன்.
ஒரே ஒரு வரிதான்.

மறுநாள், அரைப்புள்ளிகள் உதிர உதிர
ஒவ்வொருவராய்த் தமிழுக்குள் ஏறினார்கள்.
கல்முனை றாஹிலா ஸ்ரோர்ஸ்.
பதுளை நல்லமுத்து சகோதரர்கள்.
"இந்தாளில சோலியில்லை, மாசம் பிறந்தா மணியோடர்."
சிலாபம் மிராண்டா டெக்ஸ்.
"மனுசன் கனடா. காசும் கனடா."
குணநாயகம் கதிரையை இழுத்துப்போட்டார்.
தேத்தண்ணியில் ஆடை கட்டியது.
இடையில் ஒரு பெயர் வந்து போனது, நான் கவனிக்கவில்லை.
அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"பிள்ளை, இதைக் கொஞ்சம் மெதுவா விடேலாதோ?"

அதற்கு நான் பொத்தான் வைத்திருக்கவில்லை.

மற்ற வழக்கு சப்பென்று முடிந்தது.
பில் அடிக்கும் பிரிண்டர்
யன்னலோடு மட்டும்தான் கதைக்குமாம்.
அப்பிள் இப்போது கடையில் பாட்டுப் போடுகிறது.
பென்குயினைப் பைக்குள் வைத்துப் படியிறங்கினேன்.
கீழே நாட்டாமைமார் தலையில் சீத்தைப் பொதிகளோடு
வழி, வழி என்று கத்த,
வழியே இல்லாத அந்த வீதி
எப்படியோ விலகிக்கொண்டிருந்தது.