நாற்பத்தேழு

முப்பதாவது ஓவரின் கடைசிப் பந்து
பாய் விளிம்பில் எகிறி கீப்பரிடம் போய்ச் சேர்ந்தது.
ஜெயிச்சுட்டோம் என்று சலாவுதீன் தொப்பியை வீசினான்.
அதே நேரம் சேண்பாக்கத்துப் பையன்கள்
டை, டை என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள்.

நாங்கள் அடித்தது நூற்று இருபத்தொன்பது.
அவர்கள் அடித்தது
என் நோட்டில் நூற்று இருபத்தெட்டு,
எட்வின் குணசீலன் நோட்டில் நூற்று இருபத்தொன்பது.
நடுவே கவிழ்த்துப் போட்ட சாயப் பீப்பாய்,
அதன்மேல் இரண்டு நோட்டும் ஒரு ரஸ்னா ஜக்கும்.

மூன்றாம் டிவிஷனின் கடைசி ஆட்டம்.
ஜெயித்தால் தங்குவோம்,
டை என்றால் அடுத்த வருஷம் நான்காம் டிவிஷனில்
பள்ளிக்கூடப் பையன்களோடு.
பாலாற்று மணல் மத்தியான வெயிலை
இன்னும் கையில் வைத்திருந்தது.
அம்பயர் பிச்சாண்டி ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்:
"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. நீங்களே பாத்துக்குங்க."

முதல் ஓவரிலிருந்து படித்தோம்.
புள்ளி. புள்ளி. ஒன்று. புள்ளி. நாலு. புள்ளி.
இருபத்திரண்டு பேரும் சுற்றி நின்று
தாங்கள் ஆடியதைக் கேட்டார்கள்.
கைக்கு வந்து நழுவிய கேட்ச் நோட்டில் வெறும் ரெண்டு.
ஜமீல் முழங்கை தேய விழுந்து தடுத்தது வெறும் புள்ளி.
"அவ்ளோதானா?" என்றான் ஜமீல்,
முழங்கையைப் பார்த்துக்கொண்டே.

எட்வின் ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு ரூமில் இருக்கிறான்.
ஒரு எண் மாறினால் ஒருவருடைய வியாதி
இன்னொருவருக்குப் போய்விடும் என்று
அவன் சொன்னதில்லை.
அவன் புள்ளி வைக்கிற விதத்தில் தெரியும்.

பதினேழாவது ஓவர், நாலாவது பந்து.
"லெக் பை ஒண்ணு" என்றான்.
என் கட்டத்தில் புள்ளி.
கட்டத்துக்கு வெளியே, மார்ஜினில்,
என் பேனாவில், என் கையெழுத்தில்
இரண்டு கோடு, ஏழு புள்ளி.

"இது என்னா?"

நான் விஷாரத்தில் உப்புத்தோல் குடோனில்
உருப்படி எண்ணுகிறவன்.
இருபதுக்கு ஒரு கோடு, மிச்சத்துக்குப் புள்ளி.
பதினொரு வருஷம். கழுவினாலும் போகாது
விரலிடுக்கில் உப்பு.

அந்த ஓவரில்தான் ஆடுகள் வந்தன.
ஆற்றிலிருந்து ஏறி, மிட்விக்கெட் வழியாக,
எதற்கும் அவசரமில்லாமல்.
ஆட்டம் நின்றது.
ஃபைன் லெக்கில் நின்றவன் கல்லெறிந்தான்.
முக்கால்வாசி கடந்ததும் பிச்சாண்டி கையசைக்க,
ஜமீல் ஓடி வந்தான்,
லோகுவின் பேடில் பட்டு உருண்டது பந்து,
ஓடினார்கள்,
ஓடியிருக்க வேண்டும்.
நான் முப்பத்தெட்டில் இருந்தேன்.
கறுப்பு, செவலை, காது கிழிந்தது,
விலாவில் முள் கீறிய தழும்போடு ஒன்று.
இது செகண்ட்ஸ் என்று
மனசு அதைத் தனியே எடுத்துவைத்தது.
போகிற வழியில் எங்கள் எல்லைக் கயிற்றைக்
கடித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஆடுகளை
யாரும் கேட்காமலே
உரித்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

சலாவுதீனின் கை என் தோளில் இருந்தது.
அழுத்தவில்லை. இருந்தது.
"நம்ம நோட்டும் நோட்டுதானே" என்றான்
பொதுவாக, காற்றைப் பார்த்து.
எட்வின் எதுவும் சொல்லாமல்
பேனாவுக்கு மூடியை மாட்டினான்.

புள்ளியை லெக் பையாக்குவது சுலபம்.
அழிக்கக்கூட வேண்டாம்,
சுற்றி ஒரு தலைகீழ் முக்கோணம்.
போட்டேன்.
கூட்டுத்தொகையை அடித்துப் பக்கத்தில் எழுதியபோது
ஜக் வைத்த ஈரவட்டத்தில்
ஒன்பதின் வால் கலங்கியது.

பாயைச் சுருட்டினார்கள்.
ஆணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார்கள்,
ஒன்று குறைந்தது, தேடினார்கள், விட்டுவிட்டார்கள்.
நான்காம் டிவிஷனைப் பற்றி யாரும் பேசவில்லை.
வண்டியை உதைத்துக்கொண்டே
என் முகத்தைப் பார்க்காமல் சலாவுதீன் கேட்டான்:
"ஆட்டையாவது சரியா எண்ணுனியா?"

"நாப்பத்தேழு" என்றேன்.
"அதுல ஒண்ணு செகண்ட்ஸ்."