அவுட்டோர்

இரவு முழுக்க நாலாம் வார்டு.
பேருந்துக் கம்பியில் தொங்கியபடியே தூங்கி
அயனாவரம் சிக்னலில் இறங்கி
எட்டேகாலுக்குத் திரை இழுத்து
இருபத்திரண்டில் வைப்பேன்.
ஊர் எழும்போது எனக்கு ராத்திரி.
அதற்கு ஒரு டன் குளிர் வேண்டும்.

சித்திரைக் கடைசியில் ஒருநாள்
தலையணையில் தண்ணீர் சொட்டியது.
மூடியைத் திறந்தால்
காயில் முழுக்க வெள்ளைப் பனி.
நன்றாகத்தான் குளிர்கிறது போல என்று
அசட்டுத்தனமாய்ச் சந்தோஷப்பட்டேன்.

தணிகாசலம் வந்தார்.
சாமிக்குக் கோபம் தணிந்த மலையின் பேர்.
"பனி கட்டினா குளிர் ஜாஸ்தின்னு இல்ல சிஸ்டர்,
மூச்சு முட்டுதுன்னு அர்த்தம்."
ஃபில்டரை உருவிக் காட்டினார்.
கம்பளி கனத்தில் தூசி. அதற்குள்
என் தலைமுடி,
கொசுவர்த்திக் கரி,
போன போகிக்கு யாரோ கொளுத்திய டயர்.
பதினைந்து நாளைக்கு ஒருமுறை
குழாயடியில் காட்டினால் போதுமாம்,
பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து
நிழலில் காய வைத்தால் போதுமாம்.
ஆஸ்துமாக்காரர்களுக்கு நெபுலைசர் வைப்பவள் நான்.
தலைக்கு மேல் ஒன்று திணறுவது தெரியவில்லை.

"காஸ் தீர்ந்திருக்குமா?"
"காஸ் தீராது சிஸ்டர், பெட்ரோலா அது?
கொறஞ்சா எங்கியோ ஒழுகுது.
ஒழுகற எடத்த அடைக்காம ரொப்பறவன்
வருஷா வருஷம் உங்க வீட்டுக்கு வருவான்."
குழாய் மூட்டில் சோப்பு நுரை தடவிக்
குமிழ் வருகிறதா என்று பார்த்தார்,
நரம்பு கிடைக்காத கையை நான் பார்ப்பதுபோல.
குமிழ் இல்லை.

பனி கரைந்து மறுபடி போட்டால்
அவுட்டோர் முனகியது, விசிறி சுற்றவில்லை.
மோட்டார் எரிந்திருக்கிறது.
ரீவைண்டிங், மூன்று நாள்.

ஈரத்துண்டு. வெறுந்தரை.
சந்துப் பக்க ஜன்னலைத் திறந்து போட்டேன்.
நாலடிச் சந்து.
எதிர்வீட்டு அடுக்களை ஜன்னல்
ரெண்டு வருஷமாய் அட்டை ஒட்டி மூடியே கிடக்கும்.
வெளிச்சம் பிடிக்காத ஜனம் என்று நினைத்திருந்தேன்.
இரண்டாம் நாள் பதினோரு மணிக்கு
அட்டை கிழிபடும் சத்தம்.
மூக்குத்தி, கையில் கரண்டி.
"ஊருக்குப் போயிட்டீங்களோன்னு பாத்தேன்,
மிஷின் ஓடல.
இன்னிக்கிதான் இந்தப் பக்கம் காத்து வருது."
குற்றமாய்ச் சொல்லவில்லை,
நாளைக்கு மழை வரலாம் என்பதுபோலச் சொன்னாள்.
பேர் மெகருன்னிசா.

மோட்டாரோடு வந்த தணிகாசலத்திடம் கேட்டேன்.
"ஏசி எங்க குளிர் செய்யுது?
உங்க ரூம்ல இருக்கிற சூட்டத் தூக்கிப்போய்
வெளிய போடுது. அவ்ளோதான்."
வெளியே என்றால்
மெகருன்னிசாவின் அடுப்படி.

மொட்டை மாடிக்கு ஏற்ற
இருபதடி செம்புக் குழாய், ஸ்டாண்டு, கூலி:
பில்லின் பின்பக்கம் எழுதிக் கூட்டினார்.
என் சம்பளத்தில் பாதி.
தீபாவளி போனஸ் வரட்டும் என்றேன்,
சந்துப் பக்கம் கேட்டுவிடாத குரலில்.

இப்போதைக்கு
இருபத்தாறு. கூடவே ஃபேன்.
பத்தே முக்காலுக்கு டைமரில் அணைந்துவிடும்.
கழுத்து வேர்வையில் விழிப்பு வரும்.
கண்ணைத் திறக்காமல் எண்ணுவேன்.
ஒன்று.
ரெண்டு.
மூன்றாம் விசில் வரச் சில நாள் நேரமாகும்,
அன்றைக்குக் கறி போலிருக்கிறது.
வெங்காயம் வதங்கும் வாசம்
அறைக்குள் வந்து உட்காரும்.
பிறகு பாத்திரம் இறக்கும் ஓசை,
ஜன்னல் கம்பியில் கரண்டித் தட்டு:
"ஆச்சு சிஸ்டர், போட்டுக்கோங்க."