ஹெவியா ஹைட்ஸ், பத்தாவது மாடி

தொலைபேசியில் மாண்டரின் பேசினேன்.
சீனப்பள்ளியில் ஆறு வருடம்
பிரம்படியோடு சேர்ந்து வந்த மொழி,
தொனி பிசகாது.
"சனிக்கிழமை பத்து மணிக்கு வாங்க, காட்டுறேன்"
என்றாள் ஏஜெண்டு மிஸ் லியோங்.
பிறகுதான் பெயரைக் கேட்டாள்.

பூங்கோதை என்றேன்.

அந்தப் பக்கம் மின்விசிறி
சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.
"ஓ" என்றாள். "நல்லா பேசுறீங்க" என்றாள்.
"ஓனரைக் கேட்டுச் சொல்றேன்."

இது பதினோராவது கேட்டுச் சொல்றேன்.
முந்தைய பத்தில் மூன்று வீடுகள்
நேற்றுத்தான் போய்விட்டனவாம்.
இரண்டில் கறி சமைக்கக் கூடாது,
ஒன்றில் சாமிப்படத்துக்கு ஆணி அடிக்கக் கூடாது.
இன்னொன்று
என் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகு
இருநூறு வெள்ளி ஏறியது.
மற்றதெல்லாம் நீல டிக் இரண்டு, அவ்வளவுதான்.

மிஸ் லியோங் மறுபடி அழைத்தாள்.

சுங்கை பெலியான் டவுனில்
டயர்க்கடைக்கு மேலே எங்கள் அறை.
கடை கைமாறிவிட்டது, மாதக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும்.
சாலைக்கு எதிர்ப்புறம்,
தோட்டத்தை வழித்தெடுத்த மேட்டில்,
கேட், நீரூற்று, கத்தரித்த புல்,
நான் டயாலிசிஸ் மெஷினோடு நிற்கும் மருத்துவமனை.
அங்கே வேலைக்கு நுழைய என்னிடம் அட்டை உண்டு.
தூங்கப் போக இல்லை.

"ஹெவியான்னா என்ன?" லிப்டில் கேட்டேன்.
"இத்தாலியன். ஏதோ பூ" என்றாள்.
நான் திருத்தவில்லை.
கித்தா மரம் என்று சொல்லியிருந்தால்
வாடகை குறைந்திருக்கவா போகிறது.

இரண்டு அறை. ஆயிரத்து எண்ணூறு வெள்ளி.
இரண்டு மாத முன்பணம், தண்ணி கரண்டுக்கு அரை மாதம்.
ராத்திரி லாரி ஓட்டிவிட்டு
சிவந்த கண்ணோடு நேரே வந்திருந்தான் சுகுமாறன்.
வாசலில் சப்பாத்தைக் கழற்றியவன்
ஓட்டை விழுந்த காலுறையையும் கழற்றிப்
பைக்குள் திணித்துக்கொண்டான்.
ஜன்னலைத் திறந்து
"காத்து வருது பாரு" என்றான்,
காற்றும் வாடகையில் சேர்த்தி என்பதுபோல.

நான் டேப் போட்டு அளந்தேன்.
பிரிட்ஜ் வைக்குமிடம் எழுபது செண்டிமீட்டர்.
எங்களுடையது அறுபத்தெட்டு.
மிச்சமிருந்த அந்த இரண்டு செண்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டு
லோஷினியின் கட்டில் எந்தச் சுவரோரம்
என்பதுவரை போய்விட்டேன்.

அப்போதுதான் ஓனர் வந்தார்.
வெள்ளைச் சட்டை. நெற்றியில் திருநீறு.
என் தோள்கள் தாமாக இறங்கின.
மாண்டரினை மடித்து வைத்துவிட்டு
வணக்கம் என்றேன்.

"எந்தத் தோட்டம்?"
சொன்னேன்.
"மூணாம் டிவிஷனா! எங்கப்பா அங்கதான் கிராணி."
அவர் சிரித்தார். நானும்.
சுகுமாறன் டெபாசிட் உறையைத்
தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பிறகு மிஸ் லியோங்கைக் கூப்பிட்டு
பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டார்.
கண்ணாடிக் கதவு.
கைகள் மட்டும் பேசின.

"தப்பா எடுத்துக்காதம்மா.
பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு மாதிரி.
நம்மாளுங்களுக்குக் குடுத்தா..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.
எனக்கு மனப்பாடம்தான்.
தமிழில் கேட்டது இதுதான் முதல் தடவை.

லிப்ட் இறங்கும்வரை
தரையையே பார்த்திருந்தாள் மிஸ் லியோங்.
"நர்ஸ், ஒழுங்கா கட்டுவாங்கன்னு
சொல்லிப் பார்த்தேன்" என்றாள், அவள் மொழியில்.
அந்த ஒன்பது மாடி தூரம்
அதுவே எனக்கு உறவுமொழியாக இருந்தது.

கேட்டில் விருந்தினர் அட்டையை வாங்கிக்கொண்டு
ஐ.சி.யைத் திருப்பித் தந்தார் நேப்பாளி கார்டு.
அதிலிருந்த என் பெயரை
எழுத்தெழுத்தாகப் படித்தார்.
தப்பில்லாமல்.

"பசியாறிட்டுப் போவோம், வா"
என்றான் சுகுமாறன், காடியைத் திறந்தபடி.
என் கையில் டேப் இன்னும்
எழுபதிலேயே பூட்டி நின்றது.