மிச்சம் இரண்டு

"காந்தம் காந்தத்தைத் தின்னுது" என்றான் வாண்டெய்ல்சன்,
திருடனைக் காட்டிக்கொடுக்கிற குரலில்.
"நாலு போட்டேன், ஜோசெனில்டா.
ரெண்டு போட்ட சத்தம்தான் வருது."

மொசோரோவில் அன்றைக்கு
ஸ்பானரைத் துணி சுற்றித்தான் எடுக்க முடிந்தது.
உப்பளக் காற்று கொட்டகைத் தகரத்தை
உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது.
சாவோ ஜொவாவோ திருவிழாவுக்கு இன்னும் ஒன்பது நாள்.

பிக்கப்பின் முதுகில் சுவர் மாதிரி எழுப்பியிருந்தான்.
பன்னிரண்டு அங்குலத்தில் நான்கு ஸ்பீக்கர்,
விளிம்போடு விளிம்பு, தாள் நுழையாத நெருக்கம்.
பின்பக்கம் தலையை விட்டுப் பார்த்தால்
நான்கு கறுப்புக் காந்தங்கள்,
ஒரே பஸ் சீட்டில் தொடையை ஒடுக்கி உட்கார்ந்த
தடித்த ஆட்கள் போல.

"ஒண்ணோட பலத்தை ஒண்ணு உறிஞ்சுதாம்.
ஒண்ணைக் கழட்டிடுன்னார்."
யார் சொன்னது என்றேன்.
தெரிந்துதான் கேட்டேன்.
வயரின் பிரிவில் பச்சை டேப், மூன்று சுற்று,
நுனி மட்டும் மடித்து, அடுத்தவர் நகத்துக்கு வசதியாக.
அப்படி மடிக்கிறவர் இந்த ஊரில் ஒருவர்தான்.

காந்தங்களுக்குள் சண்டையே இல்லை என்று சொல்லமாட்டேன்.
கிட்டே கொண்டுபோன ஸ்க்ரூடிரைவர் கையைவிட்டுத் தாவியது.
தையல் ஊசியை நூலில் கட்டித் தொங்கவிட்டேன்:
இரண்டுக்கும் சரிநடுவில்
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ஒரு நொடி நடுங்கி
டக்கென்று ஒருவரிடம் போய் ஒட்டிக்கொண்டது.
ஆனால் அதெல்லாம் வாசலுக்கு வெளியே.
உள்ளே, சுருள் மூச்சுவிடுகிற அந்த மயிரிழைச் சந்தில்,
இரும்பு ஏற்கெனவே நிரம்பி நிற்கிறது.
தளும்பும் குடத்தில் பக்கத்து வீட்டு மழை
என்ன செய்துவிடும்?

அவனைக் காபி வாங்கிவர அனுப்பினேன்.
ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயரைப் பிடுங்கி
ஒன்பது வோல்ட் பேட்டரியால் ஒரு தொடு தொட்டேன்.
டொப்.
மூன்று கூம்புகள் வெளியே எட்டிப் பார்த்தன.
நான்காவது
உள்ளே இழுத்துக்கொண்டது,
கூப்பிட்டதும் கதவைச் சாத்துகிறவன் போல.

மூன்று முன்னால் தள்ள, ஒன்று பின்னால் இழுக்க,
மிச்சம் இரண்டு.
அவன் காது சரியாகத்தான் எண்ணியிருக்கிறது.

அடெர்பாலுக்குச் சிவப்பு தெரியாது.
கறுப்புக்கு அண்ணன் தம்பி மாதிரி ஏதோ ஒன்றாகத் தெரியும்.
தக்காளியை அமுக்கித்தான் பழுத்ததென்பார்.
பதினோரு வருஷம், கடை சாத்துமுன்,
மறுநாள் வேலைக்கான சிவப்பு வயர் ஒவ்வொன்றின் நுனியிலும்
நான் ஒரு முடிச்சு போட்டுவைப்பேன்.
காலையில் அவர் விரல் அதைத் தேடும்; கண் எங்கோ இருக்கும்.
இதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.
ஒரு வாடிக்கையாளருக்கும் தெரியாது.
பிரிந்தபோது துளைபோடும் மெஷின் எனக்கு, பெயர்ப்பலகை அவருக்கு,
கடனில் பாதிப் பாதி.
முடிச்சை யாரும் பட்டியலில் எழுதவில்லை.

வயரை மாற்றிப்போட நான்கு விநாடி.
பிறகு, சிவப்பு வயரில்,
பழைய இடத்தில்,
கொஞ்சம் இறுக்கமாகவே போட்டேன்.

வாண்டெய்ல்சன் காபியோடு வந்தான்.
"காந்தமா?"
"காந்தம்தான்" என்றேன்.
சைக்கிள் ட்யூபில் நான்கு வளையம் வெட்டி
காந்தங்களுக்கு மாட்டி, அதற்கும் எட்டு ரியால் வாங்கினேன்.
ரப்பர் காந்தத்தைத் தடுக்காது.
வேறொன்றைத் தடுக்கும்,
சந்தையில் நாளைக்கு ஒரு பெயர் அடிபடுவதை.

சாவியைத் திருப்பினான்.
முதல் அடியில் தகரத்திலிருந்து துரு கொட்டியது,
காபியில், என் தலையில், எதிர்க்கடை ரொட்டியில்.
அந்த அம்மாள் கையை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தாள்.
அவன் சிரித்த சிரிப்பு ஒன்றும் கேட்கவில்லை, பல் மட்டும் தெரிந்தது.

ஒலியைக் குறைத்துக் கேட்டான்:
"அவர்கிட்டச் சொல்லட்டுமா, ரப்பர் மாட்டச் சொல்லி?"
சொல்லு என்றேன்.
பணம் எண்ணிக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை.
"வண்டியையே கொண்டுபோய்க் காட்டு.
சிவப்பு வயரை ஒருதரம்
தொட்டுப் பார்க்கச் சொல்லு."

எதற்கென்று அவன் கேட்கவில்லை.
ஊசி இன்னும் காந்தத்தில் ஒட்டியிருந்தது,
நூலோடு சேர்த்து அதையும் கொண்டுபோய்விட்டான்.