மனை எண் பதினேழு

இருபத்தொரு அடி, எட்டு அங்குலம்.
அளவுகோலில் டார்ச் அடித்துப் பார்த்து
இரவு பதினொன்றரைக்கு எழுதினேன்.
வரத்து. வெளியேற்றம். இருப்பு.
கடைசியில் குறிப்பு என்றொரு கட்டம்.
நாலாம் ஷட்டருக்கு ரப்பர் மாற்ற வேண்டும்
என்று மூன்று வருடமாக அதில் எழுதிவருகிறேன்.

ரப்பர் தேய்ந்த இடத்தில்
ஒரு விரல் தடிமனில் தண்ணீர் வழியும்.
சித்திரையில் அடையாற்றுக்கு
எங்களிடமிருந்து போவது அவ்வளவுதான்.
ஐப்பசியின் முதல் மழைக்கு
அந்த ஒழுகலை ஆறென்று நம்பி
கீழிருந்து வந்துவிடும் மீன்கள்.
கெண்டை துள்ளிக் கான்கிரீட்டில் அறையும்.
கெளுத்தி மீசையால் தடவித் தடவி வழி தேடும்.
பனையேறி மட்டும் தண்ணீரை விட்டு
செவுளை ஊன்றி ஈரப் புல்லில் ஏறப் பார்க்கும்.
வயிறெல்லாம் சினை.
லஸ்கர் கன்னியப்பன் சாக்கோடு இறங்குவார்.
"பாவம்தான் சார். ஆனா இப்பதான் ருசி."

கொஞ்சம் கொஞ்சமாய் ஏறி
கரை மீறிப் பரந்து
பத்து இருபது நாள் தங்கி
மெல்ல வடிவது என்று ஒன்று
மீனுக்குத் தெரியும்.
எங்களுக்கு வரும் உத்தரவு இரண்டே:
திற.
மூடு.

அன்றிரவு போன் வந்தது.
ஒரு மணிக்கு ஆயிரம் கன அடி.
மூன்றுக்கு நாலாயிரம்.
விடிவதற்குள் ஏழாயிரம்.
ஷிப்ட் முடிந்து அனகாபுத்தூர் போனால்
நான் திறந்த தண்ணீர்
எனக்கு முன்பே வீட்டுக்குப் போய்
சிலிண்டரைச் சாய்த்து
செருப்புகளைச் சமையலறைக்குக் கொண்டுபோய்
மாதக் காலண்டரில்
பதினெட்டாம் தேதிவரை நனைத்திருந்தது.
மாடிப்படியில் உட்கார்ந்து புனிதா கேட்டாள்:
"எவ்வளவு விட்டீங்க?"
எண்ணைச் சொன்னேன்.
அதற்குமேல் அவள் பேசவில்லை.

தெரு ஒரு வாரத்தில் வடிந்தது.
பக்கத்து மனை பதினேழு வடியவில்லை.
அப்ரூவ்டு பிளாட் விற்பனைக்கு என்ற போர்டு
இடுப்பளவு நீரில் நின்றது.
நான்கு மஞ்சள் கற்களுக்கு நடுவே
ஒரு காலை
குங்குமம் கொட்டினாற்போல் ஏதோ கொதித்தது.
விரால் குஞ்சுகள். ஆயிரம் இருக்கும்.
அடியில் கறுப்பாய், அசையாமல்
தாயும் தகப்பனும்.
வில்லங்கம் பார்க்காமல் குடிவந்தவை.

மாலையில் மோட்டார் வண்டி வந்தது.
"ஸ்டார்ட் பண்ணவா?"
கொசுக்கடியோடு தெரு மொத்தமும் நின்றது.
கேட்டால் ஓர் அளவு சொல்வதுதான்
எனக்குத் தெரிந்த வேலை.
"ஒரு முழம் விட்டுட்டு நிறுத்து."
"மீனுக்கா சார்?"
சிரித்தான்.
சுவிட்சில் கை வைத்தான்.
புனிதா உள்ளே போய்
கிழிந்த கொசுவலையோடு வந்து
உறிஞ்சும் குழாயின் வாயைக் கட்டினாள்,
என்னைப் பார்க்காமல்.

இரவு, இருபது அடி இரண்டு அங்குலம்.
வெளியேற்றம் இல்லை.
குறிப்பு:
நாலாம் ஷட்டர் ரப்பர்,
மாற்ற அவசரமில்லை.