வெட்டியதும் விட்டதும்

கெர்வாஸி ஸ்மோலிக்கை
நாற்பத்தோரு படங்களில் வெட்டியிருக்கிறேன்.
கத்தரி என்னுடையது, கழுத்து அவருடையது.
வூச் நகரத்து ஸ்டூடியோவில் இரண்டாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே நூற்பாலையின் புகைபோக்கி,
உள்ளே நான், பசை, படச்சுருள், ஆறிப்போன தேநீர்.

அவர் பெயர் திரையில் ஏறுவதற்குள்
ஜனங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.
சில படங்களில் பெயரே இல்லை.
‘இரண்டாவது பாதிரியார்’, ‘வரிசையில் நிற்பவர்’,
‘குதிரை வாங்க வந்தவர்’.
அந்தப் படத்தில் குதிரைக்குப் பெயர் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை
ஜெர்மன் அதிகாரியாகக் கதவை உதைத்துத் திறந்தார்.
அதே வாரம் வியாழன்
அதே கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மருந்துக்கடைக்காரர்.
இரண்டு படம், ஒரே செட், சுவருக்கு மட்டும் வேறு சாயம்.
ஆளில்லாத ஓர் இரவில்
இரண்டையும் ஒட்டி ஓட்டிப் பார்த்தேன்.
ஸ்மோலிக் உதைக்கிறார். ஸ்மோலிக் நடுங்குகிறார்.
நடுவே என் பசை.

பிஷப்பாக வந்தபோது
மோதிரக் கையை நீட்டத் தெரியவில்லை,
டிக்கெட் கேட்பதுபோல் நீட்டினார்.
இயக்குநர் கத்தினார். நான் அதைத்தான் வைத்துக்கொண்டேன்.
டிராம் கண்டக்டராக அவர் ஒருபோதும் நடித்ததில்லை;
ஆனாலும் பதினான்காம் எண் வண்டியில்
கிழவிகள் அவரிடம்தான் சில்லறையை நீட்டினார்கள்.
வாங்கி, முன்னால் கொடுத்தனுப்புவார்.

ஒருமுறை மாடியேறி மூச்சிரைக்க வந்தார்,
தொப்பி கையில்.
“அந்த மரப்பாலத்துக் காட்சி...”
எட்டு வரி வசனம். அவர் வாயில் விழுந்ததிலேயே நீளமானது.
“இழுக்கிறது,” என்றேன்.
“எனக்கே அப்படித்தான் பட்டது,” என்றார்.
கூடையில் சுருண்டு கிடந்த தன்னை
ஒருதரம் எட்டிப் பார்த்தார்,
கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கிப் போனார்.

அடக்கத்தன்று பனி இளகி, எங்கும் சேறு.
இருபது பேர் இருப்போம்.
ஒரு கிழவர், யாரிடமும் என்றில்லாமல், சொன்னார்:
“எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் கொளுத்தியவன் இவன்.”
அது எங்கள் தீ. சனல் சாக்கும் மண்ணெண்ணெயும்.
யாரும் திருத்தவில்லை.
சொல்லி முடித்து அவரும் தொப்பியைக் கழற்றினார்.

மறுவாரம் பெலாகியா வந்தாள், அவர் மனைவி.
கல்லறைக் கல்லில் பதிக்க
முட்டை வடிவப் பீங்கானில் ஒரு படம் வேண்டும்.
“வீட்டில் ஒன்றும் இல்லையா?”
“கல்யாணப் படத்தில் என் முக்காடு காற்றில் பறந்து
அவர் முகத்தை மூடிவிட்டது.”

மூன்று நாள் தேடினேன்.
சீருடை, அங்கி, ஒட்டுமீசை, பிறர் கண்ணாடி.
கடைசியில் கிளாப் பலகை தட்டுவதற்கு முந்தைய கணம் ஒன்று:
பாதி மேக்கப், எங்கோ பார்வை, யாராகவும் இல்லாத முகம்.
புதையல் எடுத்தவள்போல் நீட்டினேன்.
விளக்கில் பிடித்துப் பார்த்தாள்.
“வாடகைக்காரன் வந்தால் காட்டும் முகம் இது,” என்று
திருப்பி வைத்தாள்.

பிறகு தகர டப்பாவைத் தானே கவிழ்த்து
விரலால் துழாவி ஒரு துண்டை எடுத்தாள்.
போர்ப்படம். வைக்கோல் வண்டி.
கிடத்திய ஆறு பிணங்களில் மூன்றாவது.
வாய் லேசாகத் திறந்து, ஒரு கை வயிற்றின்மேல்.
“ஞாயிற்றுக்கிழமை, சூப்புக்குப் பிறகு,” என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை. மூக்கைச் சிந்தினாள்.

பீங்கான்காரர் ஒப்பவில்லை.
கல்லறையில் கண் மூடிய படமா,
செத்தவரைச் செத்தவராகவேவா, பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்.
பெலாகியா காசை எண்ணி மேசையில் வைத்தாள்.

அந்தத் துண்டு எனக்குத் தெரியும்.
பிணம் மூச்சுவிட்ட இடம் அது.
விடுவதற்கு ஒரு பிரேம் முன்னால் வெட்டினேன்;
திரையில் அவர் ஒழுங்காக இறந்துகிடந்தார்.
மிச்சம் இருபத்தாறு பிரேம், ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேல்,
ஏனோ எறியாமல் டப்பாவில் போட்டுவைத்தேன்.

அதில் பத்தொன்பதாவதைத்தான் அச்சுக்குக் கொடுத்தேன்.
கோட்டின் இரண்டாவது பொத்தான்
ஒரு நூல் மேலே ஏறியிருக்கிறது.