முப்பத்தொன்றாம் வரி

துர்குவில் புது மருத்துவமனை எழும்பிய முதல் ஆண்டு.
வெளியே முழங்கால் அளவு பனி.
என் அறைச் சுவரில் பதினான்கு திட்டங்களும்
பச்சைப் பசேல் என்று, நாற்றங்கால் மாதிரி.

செவ்வாய்தோறும் ஒன்பது மணிக்கு
"எல்லாம் சரிதானே?" என்பேன்.
கேள்விக்குள்ளேயே பதிலை வைத்து நீட்டினால்
யார்தான் வேறு சொல்வார்கள்?

சலவைப் பிரிவின் தெர்ஹோ கௌப்பிலா மட்டும்
முப்பத்தொன்றாம் வரியில் சிவப்பு வைத்தார்:
'புதுக் கட்டில்கள் நீளம். லிஃப்டை அளந்தது யார்?'
மேலிடத்துக்குப் போகிற அறிக்கை.
மஞ்சளாக்கச் சொன்னேன்.
அவர் மறுக்கவில்லை. தலையாட்டவும் இல்லை.
நானே மாற்றினேன்.

மார்ச்சில் முதல் கட்டில் வந்தது.
நான்கு சென்டிமீட்டர்
கதவுக்கு வெளியே நின்றது.
லிஃப்ட் மூடப் பார்த்தது, திறந்தது,
மூடப் பார்த்தது.

தெர்ஹோ ஒன்றும் சொல்லவில்லை.
குனிந்து சக்கரப் பூட்டை விடுவித்து
கட்டிலைப் பின்னுக்கு இழுத்தார்.
மறுமுனையை நான் பிடித்தேன்.

இப்போதும் செவ்வாய்தான், ஒன்பது மணிதான்.
"எது நம்மைக் கவிழ்க்கப் போகிறது?" என்கிறேன்.
கேட்டபின் வாயை மூடிக்கொள்வது,
அதைக் கற்கத்தான் இத்தனை வருடம்.
காப்பி ஆறுகிறது.
ஒரு நாற்காலி கிரீச்சிடுகிறது.
கணக்குப் பிரிவின் ஐலி
தொண்டையைச் செருமுகிறார்.